அக்கரப்பத்தனையில் ஒரு பாட்டுக் கொப்பி

தலவாக்கலை ஸ்டேஷனில் கோச்சியை விட்டு இறங்கி, லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்குப் போகிறவர்கள் அந்தப் பிரதேசத்துத் தோட்டப் பெயர்களை ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருப்பார்கள். ஹோல்புரூக், வேவர்லி, டொரிங்டன், போர்ட்மோர், கிளாஸ்கோ, பெல்மோரல், சென்ரிங்காம். ஸ்கொட்லாந்து நகரம் ஒன்று, பிரித்தானிய அரச குடும்பத்து மாளிகைகள் இரண்டு, வால்டர் ஸ்கொட்டின் நாவல் ஒன்று எனச் சீமையின் பெயர்களெல்லாம் இந்த மலைகளில் குடியேறியிருக்கின்றன. காட்டை வெட்டி, கல்லைப் புரட்டி, கான் வெட்டி, தேயிலைக் கன்று வைத்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் கிடையாது. ஐந்தாறு தலைமுறையாக இங்கே கொழுந்து பறித்த பெண்களின் பெயருக்கும் அதே கதிதான்.

அந்தப் பெண்கள் பாடிய பாட்டுகளைத் தேடித்தான் இந்தப் பயணம். ஹட்டனைத் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் கோச்சி நுழைந்து வெளியே வரும்போதே காற்றின் ஈரம் மாறிவிடுகிறது. கொட்டகலைக்குப் பிறகு தலவாக்கலை வரைக்கும் இரண்டு பக்கமும் தேயிலை. நடுவில் செயின்ட் கிளேயர் அருவி தென்படும். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து அந்த அருவியின் பழைய முழக்கம் இல்லை. தலவாக்கலை நகரத்தின் கீழே நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. அக்கரப்பத்தனைப் பக்கத்து மலைகளின் தண்ணீரைத் திரட்டிக்கொண்டு வரும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவோடு சேர்வதற்காக இந்தப் பக்கம்தான் இறங்கி வருகிறது. பஸ் அந்த ஆற்றுக்கு எதிர்த்திசையில், மேல்நோக்கி ஏறுகிறது. டயகம வரை போகும் பஸ்ஸில் அரிசி மூட்டை, பள்ளிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் பெரியவர்கள், காய்கறிப் பெட்டிகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு ஏறின.

பஸ்ஸில் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது வேறொரு காலத்தின் இசை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் டவ்லண்ட் இயற்றியது. 1563இல் பிறந்து 1626இல் மறைந்தவர். லூட் என்னும் நரம்புக் கருவிக்கு அவர் எழுதிய துயர இசையில் பெயர் பெற்றது ‘லாக்ரிமே’. கண்ணீர் என்பதே அதன் பொருள். மேலிருந்து நான்கு சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வருவதுதான் அதன் தொடக்கம். அந்த இறக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மலையகத்து ஒப்பாரிதான் நினைவுக்கு வரும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டிய காரணம் ஒன்றும் இருக்கிறது. அந்தக் கருவியை வாசித்த பெண்களின் கதை, நம் தோட்டத்துப் பெண்களின் கதையை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவுகிறது.

லூட், அரபு நாட்டு ஊத் என்னும் கருவியின் வழிவந்தது. ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குள் போனது. பேரிக்காயைப் பாதியாக வெட்டியதுபோல முதுகு வளைந்திருக்கும். மெல்லிய மரக்கீற்றுகளை ஒட்டி அந்த முதுகைச் செய்வார்கள். நரம்புகள் ஆட்டுக் குடலால் ஆனவை, பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டப்பட்டவை. சத்தம் மிகச் சிறியது. மண்டபத்தில் கூட்டத்துக்கு வாசிப்பதற்கு அது உதவாது. ஓர் அறையில் நாலு பேர் நெருங்கி உட்கார்ந்து கேட்பதற்கே உரியது. அதனால் வீட்டுக்குள் வளர்ந்த பெண்களின் கைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. முதலாம் எலிசபெத் அரசியே லூட் வாசித்தவர். 1580 அளவில் நிக்கலஸ் ஹில்லியர்ட் வரைந்த சிற்றோவியம் ஒன்றில், சிம்மாசனத்தில் அமர்ந்து லூட்டைக் கையில் வைத்திருக்கும் அரசியைப் பார்க்கலாம்.

அரசியின் பெயர் எப்படியும் நிலைத்திருக்கும். என்னை ஈர்ப்பவர்கள் மற்றப் பெண்கள். ஜேன் பிக்கரிங் என்ற பெண் 1616இல் தன் லூட் புத்தகத்தில் தன் பெயரையும் அந்த ஆண்டையும் எழுதி, இது தன்னுடையது என்று குறித்து வைத்தார். அந்தக் கையெழுத்துப் புத்தகம் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. மார்கரெட் போர்ட் என்ற இன்னொரு பெண்ணின் புத்தகம் 1620 அளவிலானது. அதில் ஜோன் டவ்லண்டின் கையெழுத்தே இருக்கிறது. அவர் அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அரை நூற்றாண்டு கழித்து மேரி பர்வெல் என்ற பெண் தன் லூட் பாடங்களை ஒரு புத்தகமாகப் பிரதி செய்து வைத்தார். எப்படி உட்கார வேண்டும், விரல் எங்கே படவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. இவை எதுவும் அச்சுக்குப் போவதற்காக எழுதப்பட்டவை அல்ல. படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், தான் மறந்துவிடக் கூடாது என்று தனக்காக எழுதிக்கொண்டவை.

எழுதிய முறையும் கவனிக்கத்தக்கது. ஆறு கோடுகள் கிழித்து, ஒவ்வொரு கோட்டையும் ஒரு நரம்பாகக் கொண்டு, எந்தக் கட்டில் விரலை வைப்பது என்பதை ஆங்கில எழுத்துகளால் குறித்தார்கள். மேலே தாள அடையாளம். கேட்கும் சுரத்தை எழுதுவதற்குப் பதிலாக விரலின் இடத்தை எழுதி வைத்த முறை அது. ஆகவே ஜேன் பிக்கரிங்கின் விரல்கள் 1616இல் எங்கே நின்றன என்பதை இன்றைக்கும் ஒருவர் தன் விரலால் தொட்டுப் பார்க்க முடிகிறது.

அக்கரப்பத்தனை பஜாரில் இறங்கி, தோட்டத்துப் பாதையில் நடந்தேன். மலையில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு, தலையிலிருந்து முதுகில் தொங்கும் கூடை, இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிகிறார்கள். பார்வை அடுத்த செடியில் இருக்கிறது. இந்த வேலைக்கும் இசைக்கும் தூரம் அதிகமில்லை. கை தாளத்தில் ஓடினால்தான் கூடை நிறையும். முன்பு பாட்டு அந்தத் தாளத்தோடு சேர்ந்து வந்தது என்று வயதானவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

இப்போது மலையில் பாட்டு கேட்கவில்லை. பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்குப் பதினெட்டு கிலோ கொழுந்து கேட்கிறார்கள். நிறுத்துப் பார்க்கும் நேரத்துக்குள் அந்தக் கணக்கை எட்டவேண்டும் என்ற நினைப்பு பாட்டுக்கு இடம் கொடுப்பதில்லை. இளையவர்கள் பலர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். நிரையில் நிற்பவர்களில் வயதானவர்களே அதிகம். அவர்களில் சிலரின் இடுப்பில் ஃபோன் ஒன்று பாடிக்கொண்டிருக்கிறது.

பணிய லயத்தில் ஒரு பாட்டியைச் சந்தித்தேன். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வாசலில் அடுப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். வெறுந்தேத்தண்ணி தந்துவிட்டு, வந்த விஷயத்தைக் கேட்டார். பாட்டு என்றதும் சிரித்தார்.

“என்னாத்த பாடுறது தம்பி? அப்பல்லாம் நெரயில நின்னா பாட்டுத்தான். அந்த நெரயில ஒருத்தி எடுத்துக் குடுப்பா, இந்த நெரயில நாங்க வாங்குவோம். கங்காணி திட்டுனா அவருக்கும் ஒரு பாட்டு இருந்துச்சு.”

கொஞ்ச நேரம் ஆனதும் அவர் பாடினார். பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வந்த குழந்தைக்குத் தாலாட்டு. பனியில் விறைத்த விரலைப் பற்றி ஒரு தெம்மாங்கு. பிறகு ஓர் ஒப்பாரி. அந்த ஒப்பாரியை அவர் உயரத்தில் எடுத்து, படிப்படியாக இறக்கி, கடைசிச் சொல்லை மூச்சோடு விட்டார். யாருடைய பாட்டு என்று கேட்டேன். “எங்க அம்மாயி பாடுனது. அவுங்க யாருகிட்ட வாங்குனாங்களோ” என்றார்.

அம்மாயியின் பெயரைக் கேட்டேன். பாட்டிக்குச் சற்று நேரம் பிடித்தது. பக்கத்தில் நின்ற பேத்திக்கு அந்தப் பெயர் முதல் முறையாக அப்போதுதான் தெரியவந்தது. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. உள்ளே போய்த் தன் சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து வந்தாள். அதன் பின்பக்கத் தாள்களில் பாட்டி பாடுவதை ஏற்கெனவே கொஞ்சம் எழுதி வைத்திருந்தாள். பாடக் குறிப்புகளுக்குப் பின்னால் கும்மிப் பாட்டு, தாலாட்டு, விடுகதை என்று வரிசையாக இருந்தன. அந்தப் பக்கத்தின் மேலே, பாட்டியின் பெயருக்கு மேலாக, அம்மாயியின் பெயரையும் எழுதினாள்.

இந்தக் கட்டுரையில் அவர்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். பாட்டி யோசித்துச் சொன்னார்: “பத்திரிகையில வேணாம் தம்பி. இவ கொப்பியில இருக்கட்டும். நாளைக்கி இவ புள்ள படிக்கட்டும்.” அது அவருடைய உரிமை. அதனால் அந்த இரண்டு பெயர்களும் இங்கே இல்லை. அக்கரப்பத்தனையில் ஒரு கொப்பியில் இருக்கின்றன.

பாட்டியின் ஒப்பாரி முடிந்தபின் பேச்சு தானாகவே கோச்சிக்குப் போனது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும் எழுதப்பட்டது. எழுபதுகளில் தலவாக்கலை, ஹட்டன் ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஒரே லயத்தில் அக்காவுக்கு ஒரு நாடும் தங்கைக்கு ஒரு நாடும் என்று பிரிந்தபோது, ஸ்டேஷன் மேடையில் நின்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். போனவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து மலைகளில் தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தார்கள். ஒரு நிரையில் எடுத்துக் கொடுத்தவள் நீலகிரியிலும், வாங்கிப் பாடியவள் நுவரெலியாவிலுமாகப் பாட்டு இரண்டாகப் பிளந்துபோனது. மலையகத்துப் பாட்டுகள் இத்தனை அழிந்ததற்கு மறதி மட்டும் காரணம் அல்ல. பாடியவர்களை ஒரு சட்டமும் ஓர் ஒப்பந்தமும் கூண்டோடு பிரித்தன.

இந்த மலைகளில் பாட்டைத் தாளில் ஏற்றிய பெண் ஒருவரும் இருந்தார். மீனாட்சியம்மை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யரின் துணைவியார். வெளியாட்கள் தோட்டத்துக்குள் நுழைவதே குற்றமாக இருந்த காலத்தில் நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போய்த் தொழிலாளரின் நிலையைக் கண்டவர். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கி, ஹட்டனை மையமாகக் கொண்டு இயங்கினார். அந்தக் கூட்டங்களில் மீனாட்சியம்மை பாடினார். எழுத்து வாசிக்கத் தெரியாத பெரும் கூட்டத்துக்குச் சம்பளம், கடன், கங்காணிக் கொடுமை, குடியுரிமை ஆகியவற்றைச் சொல்வதற்குப் பாட்டைவிட நல்ல வழி இருக்கவில்லை. மக்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டுகளிலேயே அவர் பாட்டுக் கட்டினார். ஒருமுறை கேட்டவர்கள் அடுத்த நாள் மலையில் அதைப் பாடமுடியும். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற தலைப்பில் அந்தப் பாட்டுகள் சிறு நூலாக அச்சேறின. அட்டையில் அவர் பெயர் இருந்தது. மலையகப் பெண் எழுத்தின் வரலாற்றை அந்தப் பெயரிலிருந்து தொடங்க முடிகிறது என்றால், அது அச்சில் கிடைத்ததனால்தான்.

பழகிய மெட்டில் பாட்டுக் கட்டும் வழக்கம் டவ்லண்டின் காலத்து லண்டனிலும் இருந்தது. தெருவில் ஒற்றைத் தாளில் விற்ற பாட்டுகளின் தலைப்பில், எந்த மெட்டில் பாடவேண்டும் என்று குறித்திருப்பார்கள். மெட்டுத் தெரிந்தவர்கள் இருக்கும்வரை அந்தக் குறிப்பு போதும். அவர்கள் மறைந்துவிட்டால் தாளில் மிஞ்சுவது சொல் மட்டுமே. அக்கரப்பத்தனைப் பிள்ளையின் கொப்பியைப் புரட்டியபோது எனக்கு வந்த கவலையும் இதுதான். வரிகள் அழகாக இருக்கின்றன. பாட்டி எங்கே மூச்சை நிறுத்தினார், எங்கே குரலை இறக்கினார் என்பது அதில் இல்லை. பாட்டி பாடும்போது ஃபோனில் பதிவு செய்திருக்கிறாயா என்று கேட்டேன். சிலவற்றைப் பதிவு செய்திருந்தாள். ஒரு ஃபோன் உடைந்தபோது பாதி போய்விட்டதாம். கொப்பி மட்டும் தங்கியிருக்கிறது. கொப்பிக்கு மெட்டைப் பிடித்து வைக்கத் தெரியாது. ஃபோன் நாலு வருடம் தாங்காது. ஒன்றுக்கு ஒன்று துணை வேண்டும்.

நல்லவேளையாக, இந்த மண்ணிலேயே முன்னே நடந்தவர்கள் இருக்கிறார்கள். மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் இருந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். வாழ்நாள் முழுவதும் லயங்களில் கேட்டுச் சேர்த்த பாட்டுகளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று 1983இல் நூலாக்கினார். மறு வருடம் காலமானார். அந்த ஒரு நூல் வராமல் போயிருந்தால் இழப்பு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கவே முடியாது. அவருக்குப் பின் சாரல்நாடன் மலையக வாய்மொழி இலக்கியத்தைப் பற்றி எழுதினார்; நடேசய்யர், மீனாட்சியம்மை இருவரின் பணியையும் புதிய தலைமுறைக்கு நினைவூட்டினார். ஆனாலும் நாட்டார் பாடல் என்று சொல்லிப் பழகிய நமக்கு ஒரு குறை உண்டு. பாட்டை ஊருக்குச் சொந்தமாக்கிவிட்டு, பாடியவளின் பெயரைக் கேட்காமல் வந்துவிடுகிறோம். ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு தாலாட்டைக் கட்டுவதில்லை. ஒரு தாய், ஒரு தொட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு ராத்திரியில் கட்டுகிறாள். மற்றவர்கள் அதை வாங்கி வளர்க்கிறார்கள்.

லூட்டின் கதை இன்னும் மிச்சமிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தக் கருவி மெல்ல வழக்கொழிந்தது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லை, செய்துகொடுக்கத் தச்சர் இல்லை. ஜேன் பிக்கரிங்கின் புத்தகத்தை வாசித்து இசைக்க யாரும் இல்லாத காலம் தலைமுறை தலைமுறையாக நீண்டது. 1903இல் பிறந்த டயானா போல்டன் என்ற ஆங்கிலப் பெண், பழைய கருவிகளை மீண்டும் செய்துகொண்டிருந்த ஆர்னல்ட் டொல்மெச்சிடம் 1920களில் லூட் கற்கப் போனார். மறந்துபோன விரல் பழக்கங்களைக் கையெழுத்துப் புத்தகங்களில் தேடித் தேடிப் படித்தார். 1956இல் லூட் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். 1972இல் டவ்லண்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து டவ்லண்டின் லூட் இசை முழுவதையும் தொகுத்து வெளியிட்டார். பஸ்ஸில் என் காதுக்கு வந்த இசை, இப்படிப் பல கைகள் மாறித்தான் வந்தது. ஆசிரியர் பரம்பரை அறுந்தபோதும் அந்த இசை சாகவில்லை. வசதியுள்ள வீட்டில் பிறந்து, தாளும் மையும் ஓய்வும் பெற்ற சில பெண்கள் தங்களுக்காக எழுதி வைத்த புத்தகங்களே அதைக் காப்பாற்றின.

நம் பெண்களுக்குத் தாளும் மையும் ஓய்வும் கிடைக்கவில்லை. விடியற்காலை பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்து, இரவில் சமைத்துப் படுத்தவர்கள் அவர்கள். எழுதிவைக்க அவர்களால் முடியாததை அவர்களுடைய பேத்திகளால் இன்று செய்ய முடியும். எல்லா லயத்திலும் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை இருக்கிறது. கையில் ஃபோன் இருக்கிறது. பாடத் தெரிந்த பாட்டிகள்தான் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள்.

ஆகவே மலையகத்தில் பிறந்த எல்லாரிடமும், நீலகிரியிலும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வாழும் அவர்களின் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு கொப்பி வாங்குங்கள். உங்கள் அம்மாயியிடமோ அப்பாயியிடமோ போய் உட்காருங்கள். பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை ஒரே ஃபோனில் விட்டுவிடாமல் நாலு பேருக்கு அனுப்பி வையுங்கள். வரிகளை அவர் சொல்லும் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வேலைக்கு அல்லது எந்தச் சடங்குக்குப் பாடியது, எந்த மெட்டு, யாரிடம் கேட்டது என்று குறியுங்கள். பள்ளிக்கூடங்களில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை ஒரு வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம். ஒரு வகுப்பு ஒரு வருடத்தில் ஒரு தோட்டத்தின் பாட்டு முழுவதையும் சேர்த்துவிட முடியும்.

எழுதத் தொடங்குவதற்கு முன்னால், முதல் பக்கத்தில், பாடியவரின் முழுப் பெயரை எழுதுங்கள்.